மாணவர் கையால் ரூட் கெனால்: நம்பிப் போகலாமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை ஆழமாகிவிட்டது. ரூட் கெனால் செய்யச் சொல்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவு, ஆனால் மாணவர்தான் செய்வாராம். போகலாமா?

பதில்: நேரம் ஒதுக்க முடியுமென்றால் தாராளமாகப் போங்கள்.

உங்கள் வாயில் கை வைக்கும் மாணவர், பொம்மைத் தலையில் பொருத்திய பற்களிலும், பிடுங்கிய நிஜப் பற்களிலும் இதே வேலையைப் பழகிவிட்டுத்தான் வருவார். வந்த பிறகும் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. பல்லைத் திறந்ததும் ஆசிரியர் பார்க்க வேண்டும். பல்லின் வேருக்குள் ஓடும் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கெனால்; அந்த வேர்க்குழாயின் நீளத்தை எக்ஸ்ரேயில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அடைத்து முடித்ததும் இன்னொரு எக்ஸ்ரே; அடைப்பு வேர் நுனியைத் தாண்டாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்து. கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. அவசரப்பட்டால் அந்த நான்காவது கண்ணில் படாமலே போய், தொற்று உள்ளேயே தங்கிவிடும். கல்லூரியின் நிதானத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

அந்த நிதானத்துக்கு விலை, உங்கள் நேரம். ஒரு முறை உட்கார்ந்தால் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். தாடை வலித்தால் ஓய்வு கேளுங்கள், தயங்க வேண்டாம். வேர் ரொம்ப வளைந்திருந்தால் முதுநிலை மாணவரிடம் அனுப்புவார்கள்; அது நல்லதுதான்.

முதல் நாளே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாணவரின் படிப்பு நடுவில் முடிந்தால் யார் தொடர்வார்? பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பும் இங்கேயே போடுவீர்களா? வலி நின்றதும் பலர் திரும்பி வருவதே இல்லை. தற்காலிக அடைப்பு நாளடைவில் கசியும். கேப் இல்லாத கடைவாய்ப்பல் கடிக்கும்போது பிளந்தால், பட்ட பாடெல்லாம் வீண்.

ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் நீட்டலாம். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் சிகிச்சை குறையக் கூடாது. ஆனாலும் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்று பரவலாகப் பொருத்தப்படும் டைட்டானியம் இம்ப்ளான்ட்டுக்கு (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வழி திறந்ததே, ஸ்வீடனில் பேராசிரியர் பிரோனமார்க் 1965-இல் ஒரு நோயாளிக்குப் பொருத்திப் பார்த்த முயற்சிதான். அப்படி முன்வந்தவர்களால் நமக்குக் கிடைத்தது நிறைய.

அப்புறம் ஒன்று: முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமமாக இருந்தால் கல்லூரி தரும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.