முகம் மனத்தில் தங்காத மகளும் மாமா சொல்லும் மருத்துவப் படிப்பும்

அம்மா, மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு வந்தீர்கள். கல்யாண மண்டபத்தில் சொந்தச் சித்தியிடமே "நீங்க யாரு?" என்று மகள் கேட்டுவிட்டதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. வீட்டில் மூக்குக்கண்ணாடியையும் பேச்சையும் வைத்து ஆளைக் கண்டுகொள்ளும் பெண், மேளச்சத்தத்தில் எல்லாரும் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக நிற்கும் இடத்தில் தடுமாறியதில் வியப்பில்லை. அது திமிரல்ல, 1947-ல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் போடாமர் 'புரோசோபக்னோசியா' என்று பெயரிட்ட, பழகிய முகத்தையும் அடையாளம் காண முடியாத நிலை. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், கண் பரிசோதனையில் தெரியாது, தீர்க்கும் மருந்தும் இல்லை.

ஆறுதல் இத்துடன் போதும். வீட்டை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்லும் தாய்மாமன், நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கும் இதே குறை இருந்ததே என்கிறார். உண்மைதான், முகம் பிடிபடாதவர் மருத்துவராகக் கூடாது என்று நானும் சொல்லவில்லை. மகளுக்கு அதில் விருப்பமில்லை, கடனை அடைக்கப்போவதும் மாமா அல்ல, இவ்விரண்டுக்காகவே மறுக்கிறேன்.

கணினி அறிவியலைப் பற்றி உங்கள் தெருவே பாடம் எடுக்கும், அதை விடுகிறேன். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்றொரு படிப்பு இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைப் படித்தறிவதும், டோட்டல் ஸ்டேஷன் கருவியாலும் ஜி.பி.எஸ்.ஸாலும் நிலத்தை அளப்பதும், அளந்ததைக் கணினியில் வரைபடமாக்குவதும் அதன் பாடங்கள். உயிரியலோடு கணிதமும் படித்திருப்பதால் பொறியியல் கலந்தாய்விலேயே விண்ணப்பிக்கலாம். நன்கொடைப் பேச்சுக்கே இடமில்லை. முகம் மறப்பவர்களில் சிலருக்கு வழியும் மறக்கும், சாக்ஸுக்கும் அப்படித்தான். உங்கள் மகளோ, என் அறைக்கு வெளியே காத்திருந்த அரைமணி நேரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்துவந்த வழியை, டிரான்ஸ்ஃபார்மரும் குழாயடியும் விடாமல், ஒரு ரசீதின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தாள்.

சிரமம் இருக்காது என்று சொல்லமாட்டேன். களப்பணியில் எல்லாரும் ஒரே நிற ஹெல்மெட்டும் மேலங்கியும் அணிந்தால், தலைமுடியும் உடையும் தரும் அடையாளம் போய்விடும். முதல் வாரமே குழுவினரிடம் விஷயத்தைச் சொல்லி, ஹெல்மெட்டின் முன்புறம் பெயர் எழுதிக்கொள்ளக் கேட்கலாம். கல்லூரி விடுதியிலும் மறைக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இது இல்லை என்பதால், ஒதுக்கீட்டை நம்பிச் சான்றிதழுக்கு அலையாதீர்கள்.

கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். அன்று மாமா பக்கத்தில் உட்கார வேண்டாம்.