ஒரு கிலோ கல்லுப்பு

ஐயா வணக்கம். கூடலூர்ல ஜீப் ஓட்டுறேன். 2024 ஜூலை 30 வயநாடு சூரல்மலை மண்சரிவு அப்போ ஃப்ரெண்ட்ஸோட போயிருந்தேன். புத்துமலையில அடையாளம் தெரியாதவங்கள அடக்கம் பண்ணப்ப பக்கத்துல நின்னேன். பேர் இருக்க வேண்டிய இடத்துல நம்பர். எல்லா மதத்துக்காரங்களும் வந்து பிரார்த்தனை பண்ணாங்க. வீட்டுக்கு வந்தா அம்மா, "மாரியாத்தா நம்மள காப்பாத்திட்டா"ன்னு கற்பூரம் ஏத்துறாங்க. அப்ப அவங்கள யாரு காப்பாத்தணும்? அன்னையிலேருந்து கோயிலுக்குள்ள போகல. வண்டிய பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வெளியவே நின்னுடுறேன். ஸ்டாண்டுல ஒருத்தர் கர்மாங்கறார், சர்ச்சுக்குப் போற ஃப்ரெண்ட் பைபிள்ல யோபு கதைய படிங்கறான். எனக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடலாமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தார்)

தம்பி,

உங்க கடிதம் வந்து பதினஞ்சு நாள் ஆச்சு, ரெண்டு தடவை எழுத உக்காந்து எந்திரிச்சிட்டேன்.

கர்மாவ முதல்ல தள்ளி வச்சிடுவோம். நாலு வயசுக் குழந்தை மண்ணுக்குள்ள போனதுக்குப் போன ஜென்மத்துல கணக்கு தேடுற ஆளு உங்க ஸ்டாண்டுல இருந்தா அவர்கிட்ட வாடகை மட்டும் பேசுங்க, வேற எதுவும் பேசாதீங்க. கடவுள் இருக்காரா இல்லையாங்கறதும் எங்கிட்ட கேக்குற கேள்வி இல்ல, நான் கேரட் வெவசாயி வீட்டுப் பையன், கொஞ்சம் கதை எழுதுவேன், அவ்ளோதான்.

ஆனா யோபு விஷயத்துல உங்க ஃப்ரெண்ட் சரியாத்தான் சொல்லியிருக்கான், என்ன, எந்த இடத்தைப் படிக்கணும்னு சொல்லல. புள்ளைங்க, சொத்து, உடம்பு எல்லாம் போய் சாம்பல்ல உக்காந்திருக்கான் யோபு. மூணு சிநேகிதக்காரங்க வர்றாங்க. வந்து ஏழு நாள் ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம அவன்கூடத் தரையில உக்காந்திருக்காங்க. அதுவரைக்கும் தங்கமான பயலுக. அப்புறம் வாயத் திறந்தானுங்க பாருங்க, அங்க கெட்டுது. நீ ஏதோ தப்பு பண்ணியிருப்ப, கடவுள் காரணமில்லாம செய்ய மாட்டார்னு பக்கம் பக்கமா விளக்கம். யோபு என்ன பண்றான், பொறந்த நாளையே சபிக்கிறான், கடவுள வழக்குக்கு வாய்யான்னு கூப்பிடுறான். கடைசியில கடவுளுக்குக் கோவம் யார்மேல வருது? தனக்கு வக்கீலா பேசுன அந்த மூணு பேர் மேல. என்னைப் பத்தி யோபு மாதிரி நீங்க சரியா பேசலைங்கறார். இத நான் எத்தனை எழவு வீட்டுல நெனச்சிருப்பேன் தெரியுமா? சுந்தரர் மட்டும் என்ன, பார்வை போயி, ஒரு கண்ணு திரும்பி வந்து இன்னொரு கண்ணு வராம திருவாரூர்ல நின்னுகிட்டு, வாழ்ந்து போதீரே, நீராவது நல்லா இருந்துட்டுப் போம்னு சிவன மூஞ்சிக்கு நேரா ஏசினவர்தானே. அவர நாத்திகர்னு யாரும் சொல்லல, நாயன்மார்னு செலை வச்சிருக்காங்க.

எங்க அத்தை இதெல்லாம் படிச்சவ இல்ல. ஊட்டிக்குப் பக்கத்துல கேத்தியில கேரட் பிடுங்கப் போயிட்டிருந்தா. 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பேஞ்சுது, ஊட்டிக்கு வருஷம் முழுக்க பெய்யற மழையில பாதிக்கு மேல அது. நீலகிரி ஜில்லா முழுக்க நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க, மலை ரயில் நின்னுபோச்சு. அத்தை வீட்டுக்குப் பின்னால இருந்த மண்திட்டு ராத்திரி இறங்கிச்சு. மக போயிட்டா, பேரன் போயிட்டான். அத்தை முன்ரூம்ல படுத்திருந்தா, பொழச்சிட்டா. "உன்னையாவது ஆத்தா காப்பாத்திட்டா"ன்னு அவகிட்டயும் சொன்னாங்க. அந்த வார்த்தைய சொன்னவங்க வீட்டுத் தண்ணிய கூட அவ அப்புறம் குடிக்கல.

அதவிடக் கொடுமை ஒண்ணு நடந்துச்சு. மேல வீடு கட்டுறதுக்காக அந்தத் திட்டை ஜேசிபி வச்சு நெட்டுக்குத்தா வெட்டிவிட்ட ஆளு மாலையோட துக்கம் கேக்க வந்தான். ஓடையையும் மூடித்தான் பாதை போட்டிருந்தான். உக்காந்து, "எல்லாம் சாமி சித்தம்மா, நம்ம கையில என்ன இருக்கு"ன்னான். அத்தை அழுகைய நிறுத்திட்டு, "சாமிக்கு ஜேசிபி ஓட்டத் தெரியுமாய்யா?"ன்னு கேட்டா. அவ்ளோதான் கேட்டா. அவன் காப்பிய வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

அதனாலதான் தம்பி, "ஏன் சாமி இப்படிப் பண்ணுச்சு"ன்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்க மேலயும் கொஞ்சம் கோவந்தான். மழை பெய்யறது சாமி கணக்குன்னே வச்சுக்குவோம், சரிவுல எங்க வெட்டினாங்க, தண்ணி போற வழியில யார கட்டவிட்டாங்க, பேப்பர்ல மழை எச்சரிக்கை வந்தப்ப யார எழுப்பி அனுப்பல, இதெல்லாம் யார் கணக்கு? புத்துமலையிலயே 2019 ஆகஸ்ட்ல மலை இறங்கி 17 பேர் போனாங்க. அதே வாரம் நம்ம நீலகிரி அவலாஞ்சியில ஒரு நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு அங்கயே நம்பர் போட்டு அடக்கம் பண்றோம். இத்தனை பேர தப்பிக்கவிட்டுட்டு நீங்க நேரா மாரியாத்தா சட்டையப் பிடிக்கிறீங்க. பிடிங்க, வேண்டாங்கல. வரிசையில அவ கடைசியில நிக்கட்டும்.

அத்தை கோயிலுக்குப் போறத நிறுத்திட்டா. விளக்கு இல்ல, திருநீறு இல்ல. 2010 சித்திரையில ஊட்டி மாரியம்மன் தேர் அன்னைக்குக் காலையில திடீர்னு, "என்னக் கூட்டிட்டுப் போடா"ங்கறா. கடைவீதியில ஒரு கிலோ கல்லுப்பு வாங்கினா. தெரியுமில்ல, ஊட்டியில தேர் மேல உப்பு வீசுவாங்க, உப்பு கரையற மாதிரி கஷ்டம் கரையணும்னு வேண்டுதல். எல்லாரும் ஒரு பிடி அள்ளி, கண்ண மூடி, மெதுவா வீசுறாங்க. அத்தை கண்ண மூடல. தேர் பக்கத்துல வந்ததும் கை நெறய அள்ளி, நாய விரட்டக் கல்ல விடுவோமே அப்படி, பல்லக் கடிச்சுக்கிட்டு வீசினா. விடாம வீசினா. பக்கத்துல இருந்த பொம்பளை, "எவ்ளோ பக்தி பாரு"ன்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. பை காலியானதும் முந்தானையில கைய தொடச்சிட்டு, "வா, டீ குடிக்கலாம்"னா.

வருஷா வருஷம் போறா, இன்னைக்கு வரைக்கும். அதே ஒரு கிலோ. கோயிலுக்குள்ள மட்டும் நுழைய மாட்டா, தேரு ரோட்டுக்கு வரணும், அப்பதான்.

நீங்க அம்மாகிட்ட சொல்லலாமான்னு கேட்டிருந்தீங்க இல்ல, அத மறந்துட்டேன். சொல்லுங்க, இல்ல சொல்லாம வெளிய நின்னு வண்டியப் பாத்துக்கங்க, அவங்களுக்கு ஒருவேளை ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், பெத்தவங்க இல்லையா. ஆனா அவங்க கற்பூரம் ஏத்துறப்ப புத்துமலை நம்பரச் சொல்லி வாதம் பண்ணாதீங்க. பையன் நிலச்சரிவுக்குள்ள போயிட்டு முழுசா திரும்பி வந்திருக்கான், அந்தப் பயத்துல ஏத்தின கற்பூரம் அது.

போன வருஷம் அத்தை அரைக் கிலோ போதும்னா. என்ன அத்தை, ஆத்தாகூட சமாதானமான்னு கேட்டேன்.

"தோள்பட்டை தூக்க முடியலடா"ன்னா.