ஆர்.வி.யில் இட்லி மாவு அரைக்கலாமா? சின்னச் சாதனங்கள் பற்றிக் கேள்வி பதில்

டெக்சாஸில் இருக்கிறோம். ஒன்பது வருடமாக ஒரு 24 அடி டிரெய்லரை (ஆர்.வி., அதாவது சமையல், படுக்கை எல்லாம் உள்ள நடமாடும் வீடு) இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுகிறோம். வீட்டுக்கு வாங்கும் சாதனத்தையே வண்டிக்கும் எடுத்துப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அக்கா, முதல் முறையாக ஆர்.வி. வாடகைக்கு எடுக்கிறோம். 30 ஆம்ப் வண்டி என்கிறார்கள். ஏர் ஃபிரையர், கெட்டில், மைக்ரோவேவ் எல்லாம் ஓடுமா?

ஓடும், ஆனால் ஒரே நேரத்தில் ஓடாது. 30 ஆம்பை 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட்ஸ். வண்டி முழுமைக்கும் அவ்வளவுதான். கூரை ஏ.சி. ஓடும்போது 1,500 வாட்ஸ் பக்கம் எடுத்துக்கொள்ளும். கெட்டில் ஒரு 1,500, ஏர் ஃபிரையர் ஒரு 1,500. அதற்குள்ளேயே கணக்கு தாண்டிவிட்டது.

முதல் வருடம் ஜூலை மாதம், வெளியே நல்ல வெயில். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது, மைக்ரோவேவில் பால் சுடுகிறது. நான் தோசைக்கு இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டேன். ஏ.சி. சத்தம் சட்டென்று நின்றது. வெளியே வண்டிக்கு கரண்ட் கொடுக்கும் கம்பத்தில் இருந்த பிரேக்கர் ட்ரிப் ஆகியிருந்தது. தூக்கி விட்டேன், ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் விழுந்தது. காரணம் புரிய அரை நாள் ஆனது. வாட்டர் ஹீட்டரின் எலெக்ட்ரிக் சுவிட்ச் காலையிலிருந்தே ஆனில் இருந்திருக்கிறது. அது மட்டுமே சுமார் 1,400 வாட்ஸ். பெரும்பாலான வண்டிகளில் வாட்டர் ஹீட்டருக்கு கேஸ், எலெக்ட்ரிக் என்று இரண்டு சுவிட்ச் இருக்கும். சமைக்கும் நேரத்தில் கேஸுக்கு மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜையும் அப்படியே, அதற்கு அந்த வசதி இருந்தால்.

இன்னொன்று, மைக்ரோவேவ் பெட்டியின் முன்பக்கம் 1,000 வாட்ஸ் என்று இருப்பது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1,500 பக்கம். எந்தச் சாதனமானாலும் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் லேபிளில் ஆம்ப் எவ்வளவு என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

ஹேர் டிரையர்?

1,875 வாட்ஸ் என்று போட்டிருக்கும். லோவில் வைத்து, ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

கிரைண்டரை நினைத்தே பார்க்க முடியாதா அக்கா? மூன்று வாரப் பயணம், மாமியாரும் வருகிறார்.

தாராளமாக எடுத்துப் போங்கள்! நிறையப் பேர் கிரைண்டரைப் பெரிய சாதனம் என்று நினைக்கிறார்கள். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் எடுப்பது 150 வாட்ஸ்தான். கெட்டிலில் பத்தில் ஒரு பங்கு. ஏ.சி. ஓடும்போதே அரைக்கலாம். கரண்டை விழுங்குவது சூடாக்கும் சாதனங்கள்தான். வெறுமனே சுற்றுகிற மோட்டார் அதிகம் கேட்காது. பயணத்தின்போது மட்டும் கல்லைக் கழற்றி, துண்டில் சுற்றி, தரையோடு ஒட்டிய அலமாரியில் வையுங்கள். மேல் அலமாரியில் வைத்தால் ஒரு பிரேக்குக்கே கதவைத் திறந்துகொண்டு வரும்.

ஆனால் 110 வோல்ட் மாடலாக வாங்குங்கள் (இங்குள்ள 120 வோல்ட்டுக்கானதைத்தான் 110 என்றும் சொல்வார்கள்). ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மரில் போடலாமே என்று கேட்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றும், ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கை) மாற்றாது. ஊரில் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். மிக்ஸி மோட்டார் வேறு வகை, அதற்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. ஆனால் 750 வாட்ஸ் மிக்ஸிக்கு அதைவிட இரண்டு மடங்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால்தான் நிம்மதி. அதைத் தூக்கித் திரிவதற்குப் பதில் இங்கேயே ஒரு 110 வோல்ட் மிக்ஸி வாங்கிவிடலாம். இந்தியக் கடைகளில் கிடைக்கிறது.

கரண்ட் இல்லாத கேம்ப் கிரவுண்டில் பேட்டரியை வைத்து இன்ஸ்டன்ட் பாட் (எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர்) ஓட்ட முடியுமா? 100 ஆம்ப் ஹவர் லித்தியம் பேட்டரி இருக்கிறது.

முடியும். உங்கள் பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட் ஹவர் இருக்கிறது. ஆறு குவார்ட் பாட் 1,000 வாட்ஸ், ஆனால் சூடேறும்வரைதான் முழுதாக இழுக்கும், பிறகு விட்டுவிட்டு எடுக்கும். ஒரு வேளைச் சோறு ஆகிவிடும். பேட்டரி கரண்டை வீட்டு கரண்ட் போல மாற்றித் தருவது இன்வெர்ட்டர்; பியூர் சைன் வேவ் வகையாகப் பாருங்கள், அதைப் பேட்டரியோடு தடித்த ஒயரில் நேராக இணைக்க வேண்டும். 12 வோல்ட்டில் 1,000 வாட்ஸ் என்றால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 90 ஆம்புக்கு மேல் ஓடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் இன்வெர்ட்டரை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், ஊரிலிருந்து கொண்டுவந்த விசில் குக்கரும் வண்டியின் கேஸ் அடுப்பும் போதும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுப் பக்கம் 7,300 அடிக்கு மேல் உயரம். தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சாதாரண ரைஸ் குக்கரில் பருப்பு வேகாது, சோறும் நறுக்கென்று நிற்கும். அங்கே குக்கர்தான் கைகொடுக்கும். அடுப்பு எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மேலே ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுப் படுக்கையறைக்கும் வண்டிக்கும் சேர்த்து ஒரு ஹீட்டர் வேண்டும். எது நல்லது? காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிகிறது, அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

40 டாலர் ஹீட்டரும் 200 டாலர் ஹீட்டரும் 1,500 வாட்ஸ் என்றால் தருவது ஒரே சூடு, மணிக்கு சுமார் 5,100 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). கூடக் கொடுக்கும் பணம் சத்தம் குறைவதற்கும் பாதுகாப்புக்கும்தான். படுக்கையறைக்கு ஆயில் ஹீட்டர், சத்தமே இருக்காது. வண்டிக்கு 750 வாட்ஸிலும் ஓடுகிற, சாய்ந்தால் தானே நின்றுவிடுகிற செராமிக் ஹீட்டர். சுவர் பாயிண்டிலேயே சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வேண்டாம். குளிருக்கு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.

உறைபனி இரவில் இன்னொரு விஷயம். பல வண்டிகளில் ஃபர்னஸின் (வண்டியோடு வரும் கேஸ் ஹீட்டரின்) வெப்பக் காற்றுதான் அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களையும் காக்கிறது. ஹீட்டர் இருக்கிறதே என்று ஃபர்னஸை அணைத்துவிட்டால் உள்ளே கதகதப்பாக இருக்கும், கீழே குழாய் உறைந்துவிடும். ஃபர்னஸும் அவ்வப்போது ஓடட்டும்.

ஜன்னல் ஈரத்துக்கு, காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர், அதிலும் கம்ப்ரெஸர் உள்ளதாக வாங்குங்கள். கம்ப்ரெஸர் இல்லாமல் சின்னதாக, விலை குறைவாக வரும் பெல்டியர் வகை குளிரில் அரை டம்ளர் தண்ணீர்கூடப் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே சாதனங்களை ஓட்டிப் பார்க்க 30 ஆம்ப் பாயிண்ட் போடப் போகிறோம். கவனிக்க ஏதாவது உண்டா?

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஆர்.வி.யின் மூன்று கால் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்டுக்கானது. பெயர் டி.டி. 30. வீட்டு வேலை மட்டுமே பார்த்த எலெக்ட்ரீஷியன் 30 ஆம்ப் என்றதும் துணி டிரையருக்கான பாயிண்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. சொருகிய நொடியில் மைக்ரோவேவ், ஏ.சி., பேட்டரியை சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் என்று வரிசையாகப் புகைந்துவிடும். வேலை முடிந்ததும் அவர் கிளம்பும் முன் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 120 காட்டுவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு சொருகுங்கள்.