ஒடிந்த ஊசிக்கு இருக்கிற கணக்கு

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு ஆயத்த ஆடை எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷமாக ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் பெரிய பிராண்டுகளுக்குத்தான் முதல் பொறுப்பு என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் கம்பெனியில் தொழிலாளர் நிலைமையைப் பார்க்கிற ஆடிட் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் நூல் எங்கேயோ ஒரு மில்லிலிருந்து வருகிறது, அவசரத்துக்குக் கொஞ்சம் வேலை வெளியே பவர் டேபிளுக்கு, அதாவது சின்னத் தையல் ஷெட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு பையன் உட்கார்ந்து பிசிறு வெட்டினால் ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்து ஆர்டரை நிறுத்திவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பீஸுக்கு அஞ்சு சென்ட் குறை என்று மெயில் போடுகிறவனும் அவன்தான், தர்மம் பேசுகிறவனும் அவன்தான்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியில் நீங்களே பாதி என் பக்கம் வந்துவிட்டீர்கள், அது கிடக்கட்டும். அந்த ‘எப்படித் தெரியும்’ என்பதைப் பார்ப்போம்.

சில வருஷங்களுக்கு முன்னால் உங்கள் ஊரில் ஒரு கம்பெனிக்குள் போயிருந்தேன். லைனில் ஒரு அக்காவின் மிஷினில் ஊசி ஒடிந்தது. உடனே மிஷினை நிறுத்தி, சூப்பர்வைசர் குனிந்து தரையெல்லாம் தேடி, கிடைத்த துண்டுகளைச் சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ஒரு ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினார். தேதி, மிஷின் நம்பர், ஆள் பேர், கையெழுத்து. முனை மட்டும் கிடைக்காவிட்டால் அந்தத் துணிக்கட்டு முழுவதையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விடவேண்டுமாம். அப்புறம்தான் புது ஊசி. உங்களுக்கு இது தினசரி சமாச்சாரம், எனக்கு வாய் பிளந்துவிட்டது. இது பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பிராண்ட் போட்ட சட்டம், ஏனென்றால் அங்கே ஒரு குழந்தைக்குக் குத்திவிட்டால் கேஸ் வரும், கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்கவேண்டும். ஒரு ஊசிமுனை எங்கே போனது என்று கண்டம் தாண்டி இருந்துகொண்டு கேட்கத் தெரிந்தவனுக்கு, அந்த நூலை ஓட்டிய பெண்ணுக்கு வயது 15-ஆ 18-ஆ என்று கேட்கத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை. பல ஆர்டர்களில் ஜிப், பட்டன், லேபிள் எங்கே வாங்கவேண்டும் என்று நாமினேட் செய்வதும் அவர்தானே.

நூல் மில்களில் இருந்த சுமங்கலித் திட்டம் ஞாபகம் இருக்கும். மூன்று வருஷம் பெண்பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கிவிட்டு, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று முப்பதாயிரம், நாற்பதாயிரம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் பல மில்களில் அதுவும் இல்லை. பதினெட்டு ஆகாத பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. ஸ்பின்னிங் மில் என்று ஒன்று இருப்பதே பல பிராண்டுகளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆடிட் ஒழுங்காக நடக்கிறது என்கிறீர்கள். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பரில் எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்கள் முன்புதான் அதற்கு, தொழிலாளர் நிலைமை ஒழுங்காக இருக்கிறது என்று ஆடிட் செய்து கொடுக்கிற எஸ்ஏ8000 சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். இதற்கு மேல் ஆடிட்டைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஆர்டரை நிறுத்தினால் குடும்பம் என்ன ஆகும் என்ற கேள்வி வேறு. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை, ஆனால் அந்தப் பயத்திலேயே வங்கதேச ஆலைக்காரர்கள் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள், யுனிசெஃப் கணக்கில் சுமார் 50,000 பேர். பள்ளிக்கூடமா போனார்கள்? கல் உடைக்கப் போனார்கள், தெருவில் அலைந்தார்கள், சிலர் பாலியல் தொழிலில் விழுந்தார்கள். 1995 ஜூலையில்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் யுனிசெஃப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள்: பள்ளியில் இடம் தயாராகும்வரை பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாது, அனுப்பினால் மாதாமாதம் உதவித்தொகை, அந்த வேலை வீட்டில் இருக்கும் பெரியவருக்கு. முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள். நம்ம உச்ச நீதிமன்றமும் 1996-ல் சிவகாசி வழக்கில், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழி செய்யவேண்டும் என்றது.

ஆக, ஓடிப்போவது பொறுப்பு இல்லை, இருந்து பணம் கட்டுவதுதான். அந்தப் பணத்தில் பெரிய பங்கு அஞ்சு சென்ட் குறைத்தவரிடமிருந்து வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான். ஷிப்மெண்ட் தேதியை நகர்த்தாமல் கலரை மாத்து என்று மெயில் வருகிறதே, அன்றைக்கு ராத்திரி தானே சரக்கு பவர் டேபிளுக்குப் போகிறது?

அதற்காக உங்கள் கம்பெனியை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வெளியே போகிற பீஸுக்கும் ஊசிக் கணக்கு உண்டா? உண்டு என்றால் உங்கள் ஆள் ஒருவர் அந்தப் பவர் டேபிள் ஷெட்டுக்குள் போய்வந்திருப்பார். அங்கே பிசிறு வெட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.