அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ஆனாலும் தபால்தலைச் சேகரிப்பை விட மறுக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

அவருக்குப் புரியாமல் இல்லை. கை நடுங்குவதும் பார்வை மங்குவதும் உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அலமாரியில் இடம் வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நான் அந்த அப்பாவின் இடத்தில் இருப்பவன். வயது 74, பார்க்கின்சன் வந்து ஆறு வருடம்.

பன்னிரண்டு வயதில் சேர்க்க ஆரம்பித்தேன். மொத்தம் 31 ஆல்பம். தபால்தலையை விரலால் தொடக்கூடாது, தோலின் எண்ணெய் தாளில் இறங்கிவிடும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு பழக்கத்தை 58 வருடம் விடாமல் காப்பாற்றினேன். ஒரு நாள் சாயங்காலம் என்னிடம் இருந்த பென்னி ரெட்டை வேறு பக்கத்துக்கு மாற்றப் போனேன். 1840ல் பிரிட்டனில் வந்த உலகின் முதல் தபால்தலை கறுப்பு. அதன்மேல் குத்தும் தபால் முத்திரை சரியாகத் தெரியவில்லை என்று 1841லேயே சிவப்பாக்கினார்கள், அந்தச் சிவப்புதான் இது. கிழித்தெடுக்க ஓரத்தில் துளை வராத காலம், கத்தரியால் வெட்டி எடுத்தது. நாலு பக்கமும் வெள்ளை ஓரம் முழுசாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. கை ஒரு உதறு உதறியது. இடது கீழ் மூலை, அங்கே அச்சடித்திருக்கும் எழுத்தோடு சேர்ந்து கிழிந்து இடுக்கியில் வந்துவிட்டது.

இரண்டு மாதம் அலமாரியைத் திறக்கவில்லை.

என் மகள் 'கொடுத்துவிடுங்கள் அப்பா' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். ஒன்பதாவது ஆல்பத்தில் நானே சொன்னேன், இதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று.

விற்றதும் உண்டு. காசுக்காக விற்றான் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். யார் கைக்குப் போகிறது என்று தெரிந்துதான் விற்றேன். தபால்தலை விலைப்பட்டியலில், அதாவது கேட்லாக்கில், போட்டிருக்கும் விலை கடைக்காரர் விற்கும் விலை. நமக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும், இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய உறையிலிருந்து தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள். உறையும் முத்திரையும் சேர்ந்ததுதான் சரக்கு. பறவைப் படங்கள் உள்ள ஆல்பத்தை இப்போதுதான் சேர்க்க ஆரம்பித்திருக்கும் ஒரு சிறுமிக்குக் கொடுத்தேன். முதல் கேள்வியே 'இடுக்கி எங்கே?' என்றாள். என்னுடையதையே கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என் மகளைப் பார்த்து 'ராத்திரி தூங்குகிறாரா?' என்று கேட்கிறார் மருத்துவர். தூங்குபவன் நான். என்னைக் கேட்டால் என்ன? கைதான் நடுங்குகிறது, நினைவு நன்றாகவே இருக்கிறது. சேகரிப்பு விஷயத்திலும் வீட்டில் இதேதான் நடக்கும். அடுத்த அறையில் பேசி முடிவெடுத்துவிட்டு அப்புறம் வந்து சொல்வார்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது எழுதுவீர்கள். செய்தோம். நான் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. கிழிந்த பென்னி ரெட் மட்டும் என்னிடம் இருக்கிறது, அந்த மூலையும் அதே உறையில். அதைக் கொடுக்கச் சொல்லி மகள் இதுவரை கேட்கவில்லை.