வாழைப்பழக் கேவண்டிஷும் ஹைட்ரஜன் கேவண்டிஷும் ஒருவரா?

வணக்கம். மகளின் பள்ளிக் கட்டுரைக்காக, வாழைப்பழம், ஹைட்ரஜன், கேம்பிரிட்ஜ் ஆய்வகம் மூன்றும் ஒரே கேவண்டிஷ் பெயரிலா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே குடும்பம்தான், ஆனால் மூன்று ஆட்கள்.

1766இல் ஹைட்ரஜனைத் தனி வாயுவாக விவரித்தவர் ஹென்றி கேவண்டிஷ். டெவன்ஷயர் பிரபு ஒருவரின் பேரன், பெரும் பணக்காரர், அப்படியொரு கூச்ச சுபாவம்! வேலைக்காரப் பெண்களிடம் பேசுவதைக்கூடத் தவிர்த்துச் சீட்டில் எழுதிக்கொடுப்பாராம். மின்சாரம் பற்றிச் செய்த ஆய்வுகளில் பெரும்பகுதியை வெளியிடாமலேயே 1810இல் இறந்தார். அவற்றைத் தொகுத்து 1879இல் வெளிக்கொண்டுவந்தவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தின் முதல் பேராசிரியரும் அவர்தான்.

அந்த ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தவர் ஏழாம் டெவன்ஷயர் பிரபு வில்லியம். அது 1874இல் திறந்தது. வாழைக்குப் பெயர் வந்ததோ அவருக்கு முந்தைய ஆறாம் பிரபுவால். அவருடைய சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டில் வளர்த்த வாழை அது. நம் கடைகளில் பச்சை வாழைப்பழம் என்று விற்பதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், குடும்பப் பெயர் கேவண்டிஷ், பட்டம் டெவன்ஷயர், மாளிகை இருப்பதோ டார்பிஷயரில். போதாததற்கு முதல் ஏழு பிரபுக்களும் வில்லியம்! அதனால் வில்லியம் என்று மட்டும் எழுதாமல், எத்தனையாவது பிரபு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஹென்றி பிரபுப் பட்டம் பெறவே இல்லை, அவர் பெயருக்கு முன்னால் அதைப் போட வேண்டாம்.