அம்மாவின் முதுகுவலிக்கு தைராய்டு காரணமில்லை

குடம் தூக்கும்போது அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தைராய்டுதான் காரணமா, இல்லை புற்றுநோயா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பயப்படுவதுபோல் இது முதுகெலும்புப் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு குறைவு. இணையத்தில் முதுகுவலி என்று தேடினால் பயம்தான் கூடும், இனி தேடாதீர்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 5.8 இருப்பதால் எலும்பு நொறுங்காது. கழுத்தில் கேட்கும் நெறுநெறு சத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

என் கவலை வேறு. மூட்டுவலிக்காக அம்மா மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வருடமாகத் தினமும் போடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரை. நீங்கள் அனுப்பிய அட்டையில் இருப்பது பிரெட்னிசோலோன் 10 மி.கி. அது ஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் நம் அட்ரினல் சுரப்பி அளவாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் வேலையை அது அளவுமீறிச் செய்யும். முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் மெலிந்ததை "சத்து பிடித்திருக்கிறது" என்று நினைத்திருக்கிறீர்கள். அது குஷிங் சிண்ட்ரோமின், அதாவது உடலில் ஸ்டீராய்டு மிகுந்துபோனதன் அடையாளம். இந்த மருந்து புது எலும்பு உருவாவதைத் தடுக்கும், குடலில் கால்சியம் சேர்வதைக் குறைக்கும். தினம் 5 மி.கி. வீதம் 3 மாதம் போட்டாலே எலும்பு முறியும் ஆபத்து கூடிவிடும், முதலில் அடிபடுவது பெரும்பாலும் முதுகெலும்புதான்.

அதனால் குடத்தைத் தூக்கியபோது சுரீரென்று ஒரே இடத்தில் பிடித்த அந்த வலியைச் சாதாரணப் பிடிப்பு என்று விடவே கூடாது. முன்பு சரியாக இருந்த நைட்டி இப்போது தரையில் இழுபடுகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் உயரம் குறைந்திருக்கலாம், முள்ளெலும்பு அமுங்கி உடைந்திருக்கலாம். நாளைக்கே பக்கவாட்டில் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை எண்ணெய் தேய்த்து நீவுவது, நெட்டி முறிப்பது எதுவும் வேண்டாம், தயவுசெய்து.

இதைப் படித்த பதற்றத்தில் மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்! இத்தனை நாள் வெளியிலிருந்து கிடைத்ததால் அட்ரினல் சுரப்பி முடங்கிக் கிடக்கும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். என்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் சிறப்பு மருத்துவர்) ஒருவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், எலும்புக்கும் மருந்து தருவார், அப்புறம் மூட்டுவலிக்கு உண்மையான காரணத்தையும் பார்க்கச் சொல்வார்.

கால் பலவீனமானாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ எக்ஸ்ரேக்குக் காத்திருக்க வேண்டாம், நடு ராத்திரியானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய் அவசரப் பிரிவு மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.